பூஞ்சிட்டு இல்லாம பெரிய மாடு ஏது?

பார்முலா ஒன் சீசன் ஆரம்பிச்சா போதும், எங்க ஆபீஸ் கேண்டீன்ல ஒரு கேள்வி தவறாம வந்துடும். "இத்தனை கோடி ஜனம் இருக்கோம், ஏன்யா நம்மாளு ஒருத்தன்கூட அங்க இல்ல?" உடனே ஆளாளுக்கு ஒரு காரணம். நம்ம ரோடு சரியில்ல, கிரிக்கெட் எல்லாத்தையும் முழுங்கிடுச்சு, டெல்லி பக்கம் கட்டின ட்ராக்ல மூணு வருஷத்தோட எஃப்ஒன் நின்னுபோச்சு, இத்யாதி இத்யாதி. பொட்டி தட்டுற கூட்டத்துக்கு ஆணி கம்மியா இருந்தா இப்படித்தான் :-)

எனக்கு இதுல ஒரு தனிக் கட்சி உண்டு. நம்மகிட்ட திறமை இருக்கு. ட்ராக் இருக்கு. கார் செய்யத் தெரிஞ்ச ஆளுங்ககூட இருக்காங்க. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். காசில்லாத வீட்டுப் பையனை பத்து வயசுல கூப்பிட்டு, வண்டியை அவன் கையில குடுத்து, பத்து வருஷம் வச்சு வளர்க்குற ஒரு டீம். அதுக்கான விதை நம்ம கோயம்புத்தூர்லயே ஒரு காலத்துல விழுந்துச்சு. அது ஏன் மரமாகலைங்கிறதுதான் இந்தப் பதிவு.

மொதல்ல எங்க ஊர்ப் பக்கத்து விஷயம் ஒண்ணு. விளாத்திகுளம் சுத்துப்பட்டு கிராமங்கள்ல கோயில் கொடைன்னா மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் இருக்கும். பார்த்தவங்களுக்குத் தெரியும், எல்லா மாட்டையும் ஒண்ணா அவுத்து விட மாட்டாங்க. பெரிய மாடு தனி, சின்ன மாடு தனி, பூஞ்சிட்டு தனி. பெரிய மாட்டுக்குத் தூரம் ஜாஸ்தி, பூஞ்சிட்டுக்குக் கம்மி. பூஞ்சிட்டுல ஓடிப் பழகாத காளையை யாராவது நேரா பெரிய மாட்டுப் பந்தயத்துல பூட்டுவாங்களா? சாரதிக்கும் அதே கதைதான். இந்தக் கணக்கை எங்க ஊர்ப் பெருசுங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. ஆனா கார் ரேஸ்ல மட்டும் நாம பெரிய மாட்டுப் பந்தயத்தை வேடிக்கை பார்த்துட்டு, பூஞ்சிட்டை யாரு வளர்க்கிறதுன்னு கேட்கவே மாட்டேங்கறோம்.

வெளிநாட்டுல பூஞ்சிட்டு வளர்க்கறது ஒரு தொழிலாவே இருக்கு. 1998ல லூயிஸ் ஹாமில்டனுக்கு 13 வயசு. அப்பா பல வேலை பார்த்துத்தான் பையனை கார்ட்டிங் ஓட்ட வச்சார். அந்த வருஷம் மெக்லாரன்-மெர்சிடிஸ் அவரைத் தன்னோட இளம் ஓட்டுநர் திட்டத்துல சேர்த்துக்கிச்சு. 2007ல பார்முலா ஒன் அறிமுகம், 2008ல உலக சாம்பியன். பத்து வருஷம்! ரெட் புல் ஜூனியர் டீம் 2001ல ஆரம்பிச்சது. அங்கேர்ந்து வந்த செபாஸ்டியன் வெட்டல் 2010லேர்ந்து 2013 வரை தொடர்ந்து நாலு தடவை சாம்பியன். இங்கிலாந்துல ட்ரெவர் கார்லின் 1996ல ஆரம்பிச்ச கார்லின் டீம், பார்முலா த்ரீ மாதிரி கீழ்ப்படிகள்லயே வருஷக்கணக்கா பசங்களைத் தயார் பண்ணி மேல அனுப்பிச்சு. நம்ம நரேன் கார்த்திகேயன்கூட 1998, 99ல பிரிட்டிஷ் பார்முலா த்ரீ ஓட்டினது அந்த கார்லின் டீமுக்குத்தான்.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

தமிழ்நாட்டுல ரேஸ்னா மொதல்ல சோழவரம். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். 1953ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்க வருஷக்கணக்கா பந்தயம் நடத்துச்சு. அப்புறம் 1990ல ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில சொந்த ட்ராக் வந்துச்சு. சோழவரம் காலத்துல ரேஸ் ஓட்டினவங்க யாருன்னு பார்த்தா மகாராஜாக்கள், மில் முதலாளிகள், தொழிலதிபர்கள். விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் பார்முலா ஒன் காரையே இறக்குமதி பண்ணி அங்க ஓட்டினார். காசு இருந்தா கார், கார் இருந்தா ரேஸ். அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கை மாத்திப் பார்த்த மனுஷர் எஸ்.கரிவர்தன். கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பம். அவரும் பணக்கார வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமில்ல. ஆனா தனக்கு ஒரு நல்ல கார் வாங்கிட்டுச் சும்மா இருக்கலை. 1988ல பார்முலா மாருதின்னு ஒரு ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கொண்டு வந்தார். உள்ள இருந்தது நாம எல்லாரும் பார்த்த மாருதி 800ன் 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின். அதோட சக்தி 40 குதிரைசக்தியைச் சுத்திதான். கேட்டா சிரிப்பு வரும். ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த இன்ஜினுக்கு உதிரி பாகம் எந்த ஊர் கடையிலயும் கிடைக்கும். ரிப்பேர் பார்க்க மாருதி மெக்கானிக் போதும். எல்லாருக்கும் ஒரே கார், அதனால ஜெயிக்கிறவன் ஓட்டத் தெரிஞ்சதால ஜெயிக்கிறான்னு அர்த்தம். வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல எதுவும் வர வேணாம்.

சாப்ட்வேர் ஆளுங்க பாஷையில சொன்னா, கரி பண்ணினது ஒரு ப்ளாட்ஃபார்ம். அவர் ஒரு சாம்பியனைச் செய்யலை. சாம்பியன்கள் வர்றதுக்கான படிக்கட்டுல முதல் படியைச் செஞ்சார்.

படி போட்ட நாலே வருஷத்துல பலன் தெரிஞ்சுது. 1992ல 15 வயசு நரேன் கார்த்திகேயன் பார்முலா மாருதியிலதான் ரேஸைத் தொடங்கினார். அதே வருஷம் பிரான்ஸ்ல எல்ஃப் வின்ஃபீல்டு ரேஸிங் ஸ்கூல். 1994ல பிரிட்டிஷ் பார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடர்ல சாம்பியன். 1996ல பார்முலா ஏசியா சாம்பியன். 2001ல ஜாகுவார் பார்முலா ஒன் காரை ஓட்டிப் பார்த்த முதல் இந்தியர். 2005ல ஜோர்டான் டீம்ல பார்முலா ஒன் பந்தயத்துலயே இறங்கியாச்சு. அந்த வருஷம் இண்டியானாபோலிஸ்ல டயர் பிரச்சனையால மிஷெலின் கார்கள் ஒதுங்கிக்க, ஆறே கார் ஓடின பந்தயத்துல நாலாவது இடம், அஞ்சு புள்ளி. "ஆறு பேர்ல நாலாவதா"ன்னு கிண்டல் பண்றவங்க உண்டு. பண்ணிக்கட்டும். அந்த ஆறு பேர்ல ஒருத்தரா நிக்கிறதுக்கு 13 வருஷம் ஆச்சுங்கறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கட்டும்.

இதைப் பார்க்க கரி உயிரோட இல்ல. 1995ல விமான விபத்துல இறந்துட்டார். 2003ல கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல திறந்த ட்ராக்குக்கு கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு அவர் பேரையே வச்சாங்க. காலேஜ்ல இன்ஜினியரிங் படிக்கும்போது மாணவர்களே கார் செஞ்சு கொண்டு வர்ற போட்டிக்காக எங்க டீமோட அங்க போயிருக்கேன். ஒரு சின்ன காரை நாலு சக்கரமும் ஒரே நேரத்துல லாக் ஆகுற மாதிரி பிரேக் பிடிச்சுக் காட்டணும். அந்த ஒரு சோதனைக்கு ஒரு கூட்டமே ராத்திரி தூங்காம வேலை பார்க்கும். ரேஸ்னா ஸ்டியரிங் பிடிக்கிற ஒருத்தன் இல்ல, அவனுக்குப் பின்னாடி நிக்கிற முப்பது பேர்னு அன்னிக்கு கண்ணால பார்த்தேன்.

கரிக்கு அப்புறம் எதுவுமே நடக்கலையான்னா, நடந்துச்சு. அதையும் சொல்லிடணும். மாருதி குடும்பத்து 1300 சிசி இன்ஜினை வச்சு பார்முலா எல்ஜிபி கார்கள் கோயம்புத்தூர்லேர்ந்தே வந்துச்சு. ஜேகே டயர், எம்ஆர்எஃப் ரெண்டு கம்பெனியும் கார்ட்டிங்லயும் கார் பந்தயத்துலயும் பல வருஷம் பணம் போட்டிருக்காங்க. சென்னைப் பையன் கருண் சந்தோக் 2001ல பார்முலா ஏசியா சாம்பியன் ஆகி, 2010ல ஹிஸ்பானியா டீம்ல பார்முலா ஒன் ஓட்டினார். ஆக நம்ம நாட்டுலேர்ந்து பார்முலா ஒன் பந்தயம் ஓட்டினது இதுவரைக்கும் ரெண்டே பேர். ரெண்டு பேரும் பொறந்தது சென்னையில. தமிழ்நாட்டுக்கு இது பெரிய பெருமை. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

காலரை இறக்கிட்டு இன்னொரு பக்கமும் பார்க்கணும். நரேனோட அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். கருணோட அப்பா விக்கி சந்தோக்கும் ரேஸ் ஓட்டினவர், தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் கிளப்பை வளர்த்த தலைமுறை. அடுத்து வந்த அர்மான் இப்ராகிமோட அப்பா அக்பர் இப்ராகிம் ரேஸர். இவங்க திறமையை நான் குறை சொல்லலை, மணிக்கு 300 கிலோமீட்டர்ல அப்பா பேர் வளைவு திருப்பித் தராது. என் கேள்வி வேற. ரேஸ் ஓட்டாத அப்பாவுக்குப் பொறந்த எத்தனை பேருக்கு அந்த ஸ்டியரிங் கைக்கு எட்டுச்சு? கரியோட கார் விலையைக் குறைச்சுது. ஆனா அந்தக் குறைஞ்ச விலையும் கட்ட முடியாத பையனுக்கு கார் தர ஒரு டீம் நிலையா அமையலை. முதல் படி வந்துச்சு, அந்தப் படிக்குக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வரலை.

இதுக்கு எதிர் உதாரணமும் நம்ம ஊர்லயே இருக்கு. பைக் ரேஸ். ஓசூர் டிவிஎஸ் கம்பெனி 1982லேயே ரேஸிங் டீம் ஆரம்பிச்சாச்சு. 1994ல எல்லாருக்கும் ஒரே பைக்ங்கிற போட்டியும் வந்துச்சு. ஹோண்டா 2018ல டேலண்ட் கப் தொடங்கி சின்னப் பசங்களைத் தேர்ந்தெடுத்து பைக் குடுத்துச்சு. பைக் கம்பெனியோடது, மெக்கானிக் கம்பெனி ஆள், பையனோட வேலை ஓட்டுறது. அதனாலதான் இருங்காட்டுக்கோட்டையில பைக் பந்தயம் நடக்குற அன்னிக்கு சாதாரண வீட்டுப் பசங்க பேரைப் பார்க்க முடியுது. கார்ல அதைப் பார்க்கிறது கஷ்டம். திறமை பைக்ல மட்டும் பொறந்து கார்ல பொறக்காமப் போச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்புவீங்களா?

இப்ப ஒரு வேடிக்கை சொல்றேன். எம்ஆர்எஃப் சேலஞ்சுன்னு ஒரு தொடர், கார் எல்லாருக்கும் ஒண்ணு. மைக்கேல் ஷூமாக்கர் பையன் மிக் 2016-17 சீசன்ல அதுல ஓட்டி மூணாவதா வந்தார். பிரேசில் ஃபெலிப்பி ட்ருகோவிச் 2017-18ல சாம்பியன், 2022ல பார்முலா டூ சாம்பியன் ஆனார். இங்கிலாந்துப் பொண்ணு ஜேமி சாட்விக் 2018-19ல சாம்பியன். கடைசிச் சுற்றை இருங்காட்டுக்கோட்டையில, நம்ம வெயில்ல ஜெயிச்சு வாங்கின பட்டம் அது. அப்புறம் பெண்களுக்கான டபிள்யூ சீரிஸ்ல அசத்தினாங்க. ஆக இளம் ஓட்டுநரைத் தயார் பண்ற பட்டறை இந்தியாக்காரங்க காசுல, நம்ம மண்ணுலயே இருந்திருக்கு. ஐரோப்பிய சீசன் ஓய்வுல அந்தப் பசங்க இங்க வந்து பழகிட்டுப் போயிருக்காங்க. ட்ராக்குக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற பையன் வேலிக்கு வெளிய நின்னு சத்தம் கேட்டுட்டு இருந்திருக்கான்.

மல்லையா கதையும் இதே ரகம்தான். சோழவரத்துல ஓட்டினவர் 2008ல ஃபோர்ஸ் இந்தியான்னு பார்முலா ஒன் டீமையே இறக்கினார். 2011ல நூறு கோடிப் பேர்ல ஒருத்தனைத் தேடுறோம்னு கார்ட்டிங் தேர்வு நடத்தி, அர்ஜுன் மைனி, ஜெஹான் தாருவாலா மாதிரி பசங்களைக் கண்டுபிடிச்சாங்க. தேர்வு நல்ல தேர்வுதான், ஜெஹான் பின்னாடி பார்முலா டூ பந்தயங்களையே ஜெயிச்சார். ஆனா 2018ல டீம் கைமாறுற வரைக்கும் இந்தியா பேர் போட்ட அந்தக் கார்ல ஒரு இந்தியர்கூட பந்தயம் ஓட்டலை. ஆளைக் கண்டுபிடிக்கிறது ஒரு வார வேலை. வளர்க்கிறது பத்து வருஷ வேலை. நம்மாளுங்களுக்கு முதல் வேலைன்னா ரொம்பப் பிடிக்கும், போட்டோ வரும் பாருங்க.

சென்னையில 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1ல தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி தெரு ரேஸ் நடந்துச்சே, அதையும் இந்தக் கண்ணாலதான் பார்க்கிறேன். 2023 டிசம்பர்ல நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால தள்ளிப்போய், கோர்ட் வாசல் எல்லாம் ஏறி இறங்கி ஒருவழியா நடந்தது. பார்க்க அட்டகாசம், மறுக்கலை. ஆனா அங்க ஓடின இந்திய எஃப்4 தொடரோட முதல் சாம்பியன், 2023ல, ஒரு ஆஸ்திரேலியப் பையன். அவன் ஜெயிச்சதுல தப்பில்ல. போட்டி போட நம்ம பூஞ்சிட்டுங்க எத்தனை தயாரா இருந்துச்சுங்கறதுதான் கேள்வி.

பணக்காரன் விளையாட்டுக்கு அரசாங்கம் ஏன் செலவு பண்ணணும்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஐரோப்பாவுல பார்முலா டூ ஒரு சீசன் ஓட்ட பத்துக் கோடி ரூபாயைத் தாண்டும். பார்முலா ஒன் போகணும்னா சூப்பர் லைசன்ஸுக்கு 40 புள்ளி சேர்க்கணும், அதுக்கு இந்த மாதிரி சீசன் பலது ஓட்டணும். அந்தச் செலவை அரசாங்கம் ஏத்துக்கணும்னு நான் சொல்லவே மாட்டேன். அது கம்பெனிகள் பாடு. நரேனுக்கு டாட்டா நின்ன மாதிரி எவனாவது நிப்பான். நான் கேட்கிறது அடிமட்டம், கார்ட்டிங் மட்டும்.

அதுக்கு மாடல் தேடி ஐரோப்பா போக வேணாம், எங்க பக்கத்து கோவில்பட்டி போதும். தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் செய்யற ஊர்ல ஹாக்கி எப்படி வாழுது? ஊர்ல விளையாட்டு ஆசை இருந்துச்சு, அரசாங்கம் விளையாட்டு விடுதி வச்சுது, செயற்கைப் புல் மைதானம் போட்டுச்சு. பையனுக்குச் சோறு, படுக்கை, மட்டை, கோச் எல்லாம் விடுதியோடது. அங்க பழகின மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022ல ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோட வந்தாங்க. அவங்க அப்பா ஹாக்கி வீரரான்னு தேர்வுல யாரும் கேட்கலை. அதே மாதிரி கோயம்புத்தூர்ல ஒண்ணு, சென்னையில ஒண்ணுன்னு ரெண்டே ரெண்டு கார்ட்டிங் விடுதி. வண்டி விடுதியோடது. அரசுப் பள்ளியில தேர்வு வச்சு வருஷம் பத்து பசங்க, பொண்ணுங்க. கூடவே ஐடிஐ பசங்க பத்து பேர் மெக்கானிக்கா. ஓட்டுறவங்கள்ல ஒருத்தர் மேல போனாலே லாபம், போகாதவங்களுக்கும் மெக்கானிக் பசங்களுக்கும் கையில தொழில் நிக்கும். ஸ்ரீபெரும்புதூரைச் சுத்தி கார் கம்பெனியா இருக்கிற மாநிலத்துல இந்த வேலைக்கு மதிப்பு இல்லாமலா போயிடும்?

இன்னொரு எதிர்ப்பு இருக்கு, அதை லேசா தள்ளிட்டுப் போக எனக்கு மனசு வரலை. உயிர். 2023 ஜனவரியில இருங்காட்டுக்கோட்டையில ஒரு அனுபவஸ்தர், 59 வயசு ஓட்டுநர், விபத்துல இறந்தார். அதே வருஷம் ஆகஸ்ட்ல அதே ட்ராக்ல பைக் பந்தயத்துல பெங்களூர்லேர்ந்து வந்த 13 வயசுப் பையன் இறந்துபோனான். பதிமூணு வயசு. இதைப் படிச்சுட்டு "விளையாட்டுன்னா அப்படித்தான்"னு சொல்றவன் கூட எனக்குப் பேச்சு கிடையாது. ஏழை வீட்டுப் பையனைச் சேர்க்கணும்னு சொல்ற நான், அவன் உயிருக்கு யார் பொறுப்புங்கறதுக்கும் பதில் சொல்லியாகணும்.

என் பதில் இதுதான். இது மாதிரி இடத்துலதான் டீம் தேவைப்படுது. எந்த வயசுல எந்த வண்டி, எந்த வேகம், இன்னிக்கு இவன் ஓட்டலாமா வேணாமான்னு சொல்ல ஒரு கோச். ஹெல்மெட்டும் பிரேக்கும் சரியான்னு பார்க்க ஒரு மெக்கானிக். வேணாம்னு நிறுத்துற அதிகாரம். காசு கட்டின அப்பாவால "இன்னிக்கு வேணாம்டா"ன்னு சொல்றது கஷ்டம், போட்ட காசு கண்ணை மறைக்கும். வளர்க்கிறதுக்குன்னே இருக்கிற டீமால சொல்ல முடியும். எஃப்4 காரைப் பதினஞ்சு வயசுக்கு முன்னாடி தொடக் கூடாதுன்னு உலக விதி இருக்கு. அந்த ஒழுங்கு அடிமட்டம் வரைக்கும் இறங்கணும். இறங்க முடியாதுன்னா விடுதியே வேணாம், நான் சொன்ன எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன். அதே சமயம் இன்னொண்ணையும் பாருங்க. ட்ராக்ல இடம் கிடைக்காத பையன் சும்மாவா இருக்கான்? ராத்திரி பைபாஸ்ல ஒத்தை வீல்ல போறான். அங்க கோச்சும் கிடையாது, ஆம்புலன்ஸும் கிடையாது.

2025 மே மாசம் மொனாக்கோவுல குஷ் மைனி பார்முலா டூ ஸ்பிரிண்ட் பந்தயத்தை ஜெயிச்சார். அங்க அப்படி ஜெயிச்ச முதல் இந்தியர். அர்ஜுன் மைனியோட தம்பி, பெங்களூர்ப் பையன். கேட்டதும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நாளைக்கே அவர் பார்முலா ஒன் போனாலும் விசில் அடிக்கிற முதல் ஆள் நான்தான். ஆனா அது அவரோட வெற்றி, அவங்க வீட்டோட வெற்றி. நம்ம ஏற்பாட்டோட வெற்றின்னு நாம மார் தட்டிக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல.

இனிமே ரேஸ் நடக்கும்போது யார் ஜெயிச்சான்னு பார்க்கறதுக்கு முன்னாடி பங்கேற்கிறவங்க பட்டியலை ஒரு தடவை படிங்க. அதுல ராலி ஓட்டாத, மில் வச்சிருக்காத, யாருக்கும் தெரியாத ஒரு அப்பாவோட இனிஷியல் போட்ட பேர் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. புதூர்லயோ சூரங்குடியிலயோ மிளகாய் வத்தல் காயப் போடுற வீட்டுலேர்ந்து ஒரு பேர் அதுல வர்ற அன்னிக்கு, கரிவர்தன் போட்ட படிக்கு ரெண்டாவது படி வந்துடுச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் தெரு விளக்குல ரேஸ் விடுறது எல்லாம் கோயில் கொடைக்கு வாணவேடிக்கை விடுற மாதிரிதான். அழகா இருக்கும், விடிஞ்சா பேப்பர் குப்பைதான் கிடக்கும்.

டிஸ்கி: தல ரசிகர்கள் கோச்சுக்க வேணாம். அஜித் 2010ல பார்முலா டூ ஓட்டினதும், 2025ல துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல அவர் டீம் தன் பிரிவுல மூணாவதா வந்ததும் எனக்கும் தெரியும். சொல்லப்போனா அவர் மாதிரி ஒருத்தர் சொந்தமா டீமே வச்சிருக்கும்போது, அதுல ரெண்டு பூஞ்சிட்டுக்கு இடம் கேட்கத்தான் இத்தனை பெரிய பதிவு :-)